சாப்பாட்டு மெஸ்ஸும் சர்வகலாசாலையும்: கல்கத்தா லேக் மார்க்கெட்டின் கதை

கல்கத்தாவில் தமிழர்கள் படித்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் வாசலிலிருந்தே தொடங்குகிறார்கள். பௌபஜார் தெருவில் சி.வி. ராமன், அவருக்கு அருகில் கே.எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் பராநகரில் எஸ்.ஆர்.எஸ். வரதன் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பெயர்களுக்குரிய மரியாதையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் சென்னையிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால், பேச்சும் எழுத்தும் புரியாத ஓர் ஊரில், ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்துத் தேறுவதற்கு நல்ல பேராசிரியர் மட்டும் இருந்தால் போதாது. வாடகைக்கு ஓர் அறை வேண்டும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு வேண்டும். வீட்டிலிருந்து மணியார்டர் வர நாளானால் பொறுத்துக்கொள்ளும் மெஸ்காரர் வேண்டும். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஊர்க்காரர் குடும்பம் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வளர்ந்த குமாஸ்தாக்கள் பேட்டை கொடுத்தது இவற்றைத்தான். கல்கத்தாவின் கல்வி தமிழனுக்குக் கிடைத்ததில் அந்தப் பேட்டைக்கும் அதன் சமையலறைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சமமான பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். அதற்கான சான்றுகளையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

லேக் மார்க்கெட் கல்கத்தாவின் பழைய பகுதிகளைச் சேர்ந்ததில்லை. 1912-இல் வேலையைத் தொடங்கிய கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், 1920-களில் நகரின் தெற்கே சதுப்பும் புதருமாகக் கிடந்த 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி ஏரி வெட்டியது. சுற்றியிருந்த தாழ்வான நிலத்தை மேடாக்கிச் சாலைகள் போட்டது. டாகுரியா ஏரி என்று வழங்கிய அந்த நீர்நிலைக்கு ரவீந்திர சரோவர் என்ற பெயர் 1958-இல்தான் வந்தது. ஏரியை ஒட்டி அமைந்த சந்தை என்பதால் லேக் மார்க்கெட். புதிய சாலைகள், புதிய மாடி வீடுகள், டல்ஹவுசி சதுக்கத்து அலுவலகங்களுக்குப் போக டிராம் வசதி என்று எல்லாம் சேர்ந்ததால், வடக்கே நெரிசலான சந்துகளிலும் பவானிபூரிலும் குடியிருந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மெல்ல மெல்ல இங்கே நகர்ந்து வந்தன. சந்தையின் முகப்பில் ஓடும் பெரிய சாலையின் பெயர் ராஷ்பிஹாரி அவென்யு. அந்த ராஷ்பிஹாரி கோஷ் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் பெரும் வழக்கறிஞராக இருந்த அவர், 1913-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் ஏறத்தாழப் பதினைந்து லட்சம் கொடுத்திருந்தார். இந்த இருவர் பணத்தில் எழுந்த கல்லூரிதான் தமிழ் மாணவர்களை வடக்கே இழுத்த முதல் காந்தம். பிற்காலத்தில் தமிழர்கள் குடியேறிய சாலையே அந்தக் கல்லூரியின் கொடையாளி பெயரைத் தாங்கி நிற்பது தற்செயல்தான். என்றாலும் இந்த வரலாற்றுக்கு அதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

எதற்காகக் கல்கத்தாவுக்குப் போனார்கள்? மதராஸ், கல்கத்தா இரண்டும் 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகங்களே. ஆனால் அசுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்து கல்கத்தாவை மாற்றினார். தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் இடமாக இருந்த பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பையும் ஆராய்ச்சியையும் நேரடியாக நடத்தும் துறைகளை உண்டாக்கினார். அவற்றுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் ஆள் தேடினார். 1917-இல் இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர் பதவி ராமனுக்குப் போனது. 1921-இல் தத்துவத்துக்கான ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் பதவிக்குத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வந்தார். பாலித் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சிக்காகக் கடல் கடக்கமாட்டேன் என்று ராமன் மறுத்தார். அசுதோஷ் நிபந்தனையைத் தளர்த்தினார். ராமன் முதன்முதலாக ஐரோப்பா போனது 1921-இல், பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக. அந்தப் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தது; திரும்பும்போது நார்குண்டா கப்பலிலேயே கையடக்கக் கருவிகளை வைத்துச் சோதித்தார். அந்தக் கேள்விக்கு விடை தேட அவர் திரும்பி வந்தது கல்கத்தாவுக்கு. லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போகப் பணமோ வீட்டாரின் சம்மதமோ இல்லாத மதராஸ் மாகாணத்துப் பட்டதாரிக்கு இது தெளிவான செய்தியாகப் போய்ச் சேர்ந்தது: கப்பல் ஏறாமலே உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்ய ஓர் ஊர் இருக்கிறது. 1900-இல் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் திறந்தபின் ஹௌராவுக்கு நேரே ரயிலும் இருந்தது. வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்த கிருஷ்ணன் 1920-இல் அந்த ரயிலின் தடத்தில்தான் கல்கத்தா சேர்ந்தார்.

அதே 1920 ஏப்ரலில் ராமானுஜன் இறந்துபோனார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த வாதத்துக்கு அவசியம். 1914-இல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜனுக்குக் கணித அறிஞர் ஹார்டி கிடைத்தார், நூலகம் கிடைத்தது, டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் காய்கறியும் பாலும் அருகிய ஊரில், வேலை மும்முரத்தில் நேரம் தப்பி, தன் அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே தெரியாமல் அவற்றின் மேல் கோட்டோடு படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். அவருக்கு எப்படிப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தவர் அப்போது அங்கே மாணவராக இருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். ராமானுஜனின் நோய்க்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. காசநோய் என்று அன்றைய மருத்துவர்கள் சொன்னார்கள். அமீபாத் தொற்று கல்லீரலைத் தாக்கியது என்று பிற்காலத்தில் வாதிட்டிருக்கிறார்கள். ஆனாலும் தன் மொழியில் நலம் விசாரிக்க ஆள், வேளைக்கு ரசம் சாதம், படுக்கையைச் சரிசெய்து கொடுக்க ஒரு கை ஆகியவை இல்லாத தனிமை எவ்வளவு பெரிய மூளையையும் எப்படி நசுக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட வலுவான சாட்சி நம்மிடம் இல்லை. அந்தப் படுக்கையைச் சரிசெய்த மகாலனோபிஸ்தான் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். தெற்கிலிருந்து போன கணித மாணவர்களுக்கு அது பெரிய புகலிடமானது.

இந்தியாவுக்குள் இருக்கும் கல்கத்தாவில் என்ன சாப்பாட்டுப் பிரச்சினை என்று கேட்கலாம். அங்கேயும் சோறுதானே? சோறுதான். புழுங்கலரிசிச் சோறு நம்மில் பலருக்குப் புதிதும் இல்லை. ஆனால் கடுகெண்ணெயின் நெடி புதிது. பருப்பில் சர்க்கரை போடுவது புதிது. புளிக்குழம்பும் ரசமும் கிடையாது. தயிர் கேட்டால் இனிப்புத் தயிர் வரும். பிராமணர் உட்பட எல்லோரும் மீன் சாப்பிடும் வங்காள வீட்டில் சைவச் சாப்பாடும் பச்சரிசிச் சோறும் கேட்கிறவனுக்கு ஒரு விசித்திரம் காத்திருந்தது: அந்த வீட்டில் அப்படிச் சாப்பிட்டவர்கள் விதவைகள். மீனும் புழுங்கலரிசியும் மறுக்கப்பட்டு, பூஜைக்குரிய ஆதப் அரிசியையும் காய்கறியையும் கொண்டு வேளையை ஓட்டும்படி அவர்கள்மேல் சாத்திரம் திணிக்கப்பட்டிருந்தது. தமிழ் மாணவனுக்கு அன்றாடச் சாப்பாடாக இருந்தது அங்கே துக்கத்தின் அடையாளமாக இருந்தது. வங்காளிகளின் மெஸ் வீட்டில் அவனுக்கு இடம் கொடுக்க மனம் இருந்திருக்கும். அவனுக்கென்று தனி அடுப்பு மூட்டுவது எந்த மெஸ்ஸுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே தென்னிந்திய மெஸ் என்ற தொழிலுக்கு இடம் பிறந்தது.

அந்தத் தொழிலின் அமைப்பு எளிமையானது. ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம் அல்லது ஒரு ஃப்ளாட்; பாலக்காட்டிலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ வந்த ஒரு சமையற்காரர்; கூடமாட ஒன்றிரண்டு பையன்கள்; மாதக் கணக்குச் சாப்பாடு. காலையில் அலுவலகம் போகிறவர்களுக்காக ஒன்பது மணிக்குள் முழுச் சாப்பாடு, மாலையில் டிபன், இரவில் மறுபடி சாதம். பெரிய சாலையில் அதே தொழில் ஹோட்டலாக வளர்ந்தது. தங்க அறையும் உண்ண இடமுமாக இருந்த கோமளா விலாஸ், லேக் வியூ ரோட்டில் ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், பிரேமா விலாஸ், பிற்காலத்தில் பனானா லீஃப் ஆகிய பெயர்களைக் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர் எவரும் மறக்கமாட்டார்கள். மெஸ் இருந்தால் அதற்குச் சரக்கு வேண்டும். சந்தையில் வாழையிலைக் கட்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு, தொடுத்த பூ எல்லாம் வந்தன. காப்பிக்கொட்டையை வறுத்து, சிக்கரி எவ்வளவு என்று கேட்டு, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடைகள் வந்தன. அப்பளமும் வடாமும் நல்லெண்ணெயும் வந்தன. காய் விற்கும் வங்காளிகள் தமிழில் விலை சொல்லப் பழகினார்கள். முருங்கைக்காயும் வாழைப்பூவும் வங்காளிகளும் விரும்பிச் சாப்பிடுவன என்பதால், இரண்டு சமையல்களும் அந்தச் சந்தையில் ஒரே கூடைக்காரரிடம் சந்தித்துக்கொண்டன.

இந்த மெஸ்கள் மாணவர்களுக்காக ஏற்பட்டவை இல்லை என்பது முக்கியம். மாணவனை நம்பி யாரும் மெஸ் நடத்த முடியாது. அவன் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவான், பணமும் குறைவு. அடுப்பை ஆண்டு முழுவதும் எரிய வைத்தவர்கள் சம்பளக்காரர்கள். தலைநகரம் 1911-இல் டெல்லிக்கு மாறியும் கல்கத்தாவின் வணிக நிறுவனங்கள் அங்கேயே இருந்தன. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம், ரயில்வேக்களின் தலைமையகங்கள், தேயிலை, சணல், நிலக்கரிக் கம்பெனிகள் என்று ஆங்கிலமும் கணக்கும் சுருக்கெழுத்தும் தெரிந்த தமிழனுக்கு வேலை இருந்தது. ராமனே இந்த வழியில் வந்தவர்தான். 1907-இல் அவர் கல்கத்தா போனது உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக. டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார் என்பது பலரும் அறிந்த கதை. அதன் பிறகு பத்து ஆண்டுகள் பகலில் கணக்கும் காலை மாலையில் இயற்பியலுமாக வாழ்ந்தார். கழகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தார். சம்பளம் வீட்டை நடத்தியது, வீடு ஆராய்ச்சியைத் தாங்கியது. பிற்காலத்தில் ஒரு பேட்டை முழுவதும் செய்த வேலையின் முன்மாதிரி அந்த ஒரு வீட்டில் இருக்கிறது.

ஒரு சாப்பாட்டு விடுதி ஓர் அறிவியல் துறையின் போக்கையே திருப்பியதற்கு எழுத்தில் உள்ள சான்று புள்ளியியல் அறிஞர் சி.ஆர். ராவ் விட்டுச் சென்ற நினைவுகள். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. முடித்திருந்த அந்த இளைஞர், ராணுவ நில அளவைப் பிரிவில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்காகக் கல்கத்தா வந்தார். வேலை கிடைக்கவில்லை. அவர் தங்கியிருந்த தென்னிந்திய ஹோட்டலில் இன்னொரு தென்னிந்தியரைச் சந்தித்தார். பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டு புள்ளியியல் பயிற்சிக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருப்பதை ராவ் அறிந்துகொண்டது அவர் மூலம்தான். 1941 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொடங்கிய புள்ளியியல் எம்.ஏ.வில் படித்து 1943-இல் முதலிடம் பெற்றார். 1945-இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் கிராமர்–ராவ் வரம்பு பிறந்தது. திறமை அவருடையது, வாய்ப்பைத் திறந்துவிட்டது நிறுவனத்தின் விளம்பரமோ பல்கலைக்கழகத்தின் அறிவிப்போ இல்லை. ஒரே மாதிரிச் சாப்பாடு தேடி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த இருவரின் பேச்சு.

பெரிய பெயர்களுக்கு அப்பால் இன்னொரு மாணவக் கூட்டம் இருந்தது. லேக் மார்க்கெட்டின் உண்மையான மாணவன் அவன்தான் என்பேன். பகலில் கம்பெனியில் டைப் அடித்தோ பேரேடு எழுதியோ விட்டு, இரவில் மெஸ் அறையின் நாற்பது வாட் விளக்கடியில் படித்தவன். கல்கத்தா அவனுக்கு ஒரு வகையில் ஈடற்ற ஊர். 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் கழகத்தின் தலைமையகம் அங்கே. கல்லூரியில் காலடி வைக்காமலே அதன் ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளை எழுதிப் பொறியாளராக முடிந்தது. 1944-இல் தொடங்கிய காஸ்ட் அக்கவுண்டன்ட்கள் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கே, சடர் தெருவில் இருந்தது. ஐ.சி.டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகள் ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பெருமையாக நின்றவை. 1953-இல் காலேஜ் ஸ்குவேரில் தொடங்கிய சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனம் வேலையில் இருப்பவர்களுக்கு மேலாண்மை கற்றுக்கொடுத்தது. ஒரே அறையில் மூன்று பேர் இருந்தால் ஒருவர் தேறியிருப்பார், ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார், ஒருவர் விண்ணப்பம் வாங்கியிருப்பார். பழைய புத்தகம் கைமாறும். எந்தத் தாளை முதலில் முடிப்பது என்ற யோசனையும் கைமாறும். கல்லூரி வளாகம் தரும் பலனை ஒரு வாடகை அறை தந்தது. இவர்களில் எவருக்கும் சிலை கிடையாது. ஆனால் எண்ணிக்கையில் இவர்களே அதிகம், படிப்பால் குடும்பங்களின் நிலை மாறியதும் இவர்களால்தான்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு பூகோளம் பற்றியது. அறிவியல் கல்லூரி ராஜாபஜாரில், பல்கலைக்கழகம் காலேஜ் தெருவில், புள்ளியியல் நிறுவனம் 1950-களிலிருந்து நகரின் வடகோடியான பராநகரில். அங்கே விடுதிகளும் ஏற்பட்டன. 1959-இல் சென்னை பிரசிடென்சி கல்லூரியிலிருந்து போன வரதன், அவருக்கு மூத்தவர்களான வி.எஸ். வரதராஜன், கே.ஆர். பார்த்தசாரதி, ஆர். ரங்கா ராவ் ஆகியோரோடு சேர்ந்து உழைத்த இடமும் பராநகர் வளாகமே. 1962-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மகோரோவ் வந்து பார்த்ததும் அந்த வளாகத்தைத்தான். தெற்குக் கோடியில் இருக்கும் ஒரு சந்தைக்கு இதில் என்ன பங்கு? மறுப்பில் உண்மை உண்டு. தனிப்பட்ட ஒவ்வொரு சாதனையையும் லேக் மார்க்கெட்டின் கணக்கில் எழுத முடியாது. ராமனும் கிருஷ்ணனும் ஆராய்ந்த 1920-களில் அந்தப் பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு பேட்டையின் வேலை அங்கே தூங்குகிறவர்களோடு முடிந்துவிடுவதில்லை. ஹௌராவில் இறங்குகிறவன் முதலில் எங்கே போவான், மகனை அனுப்பத் தயங்கும் தகப்பனாருக்கு ஊரில் யார் பதில் சொல்வார், கல்யாணம் ஆனபின் ஆராய்ச்சியாளன் குடித்தனம் வைக்க எங்கே வீடு பார்ப்பான், பிள்ளையைத் தமிழ் சொல்லித்தரும் நேஷனல் ஹைஸ்கூலில் சேர்க்க என்ன செய்வான் என்ற கேள்விகளுக்கெல்லாம் நகரத்தில் விடை வைத்திருந்த இடம் அது. விடுதி ஒருவனுக்குக் கட்டில் கொடுக்கும். தகப்பனாருக்குத் தைரியம் கொடுக்க அதனால் முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: ஊர்க்காரர்களோடு ஒண்டிக்கொண்டவன் போன ஊரை அறியாமலே திரும்புவான், தமிழ் மெஸ், தமிழ்ச் சங்கம், கச்சேரி நடத்தும் சபா என்று வேலி போட்டுக்கொண்டால் கல்கத்தாவில் இருந்து என்ன பயன்? வங்காளிகளுக்கும் இந்த மனக்குறை இருந்தது. ராமனின் ஆய்வுக்கூடத்தில் தென்னிந்தியர் பெருகுகிறார்கள் என்ற பேச்சு வளர்ந்து, அவர் 1933-இல் பெங்களூர் போனபின், 1934-இல் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பிலிருந்து அவரை விலக்கிய மோதலில் போய் முடிந்தது. அந்தக் கசப்பில் நிர்வாகம், தனிமனித குணம், மாகாணப் பற்று எல்லாம் கலந்திருந்தன. குற்றத்தை ஒரு பக்கத்தில் மட்டும் சுமத்துவது சரியாகாது. ஆனால் ஒண்டிக்கொள்வது தமிழருக்கு மட்டுமே உரிய வழக்கம் இல்லை. காலேஜ் தெருவையும் பௌபஜாரையும் சுற்றியிருந்த வங்காளிகளின் மெஸ் வீடுகளும் ஊர்ப்பற்றால் கட்டப்பட்டவைதாம். டாக்காக்காரர்களும் பாரிசால்காரர்களும் தங்கள் மாவட்டத்தாரோடு சேர்ந்தே அறை எடுத்தார்கள், தங்கள் ஊர்ச் சமையலையே தேடினார்கள். வங்க இலக்கியத்தில் துப்பறியும் பியோம்கேஷ் முதல் கதையளக்கும் கனாதா வரை மெஸ் வீட்டில் வாழ்கிறார்கள் என்றால், அந்த வாழ்க்கை நகரத்துக்கு எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். மேலும், இரவில் தன் சாப்பாட்டுக்கும் தன் மொழிக்கும் திரும்ப முடிந்தவன் பகலில் துணிந்து அயலாரோடு பழகுகிறான். ராமனின் வலக்கையாக இருந்த ஆசுதோஷ் தே ஒரு வங்காளி. 1928 டிசம்பரில் டாக்கா போன கிருஷ்ணன் சத்யேந்திரநாத் போஸின் துறையில் பணியாற்றினார். ஐந்தாண்டு கழித்து வங்காளமே அவரைக் கல்கத்தாவுக்குத் திரும்ப அழைத்து, அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக்கியது. வேலி போட்டுக்கொண்டவர்களின் வரலாறு இப்படி இருக்காது.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அந்த மெஸ்கள் எல்லாத் தமிழருக்கும் திறந்திருக்கவில்லை. மதராஸ் மாகாணத்து ஹோட்டல்களில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கிய காலம் அது. சென்னை திருவல்லிக்கேணியில் ஹோட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்க 1957-இல்கூடப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து போனவர்கள் ரயிலில் சாதியை இறக்கிவைத்துவிட்டுப் போகவில்லை. கல்கத்தாவின் சம்பள வேலைகளில் முதலில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் பிராமணர். மெஸ்ஸும் அவர்களுக்கு ஏற்றபடியே அமைந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலி வேலைக்குப் போன தமிழருக்கு அந்தப் பந்தியில் இலை போடப்படவில்லை, அவர்கள் பிள்ளைகளின் படிப்பு அந்தப் பேட்டையின் கணக்கில் ஏறவில்லை. வங்காளமும் இதில் சளைத்ததில்லை: பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மேக்நாத் சாகாவை, சாதியின் பெயரால், ஈடன் இந்து விடுதியில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. பெண்களின் நிலையோ இன்னும் சுருங்கியது. தனியாக வந்து அறை எடுத்துப் படிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த மெஸ் வாழ்க்கையில் இடமே இல்லை. தந்தைக்கோ கணவருக்கோ அங்கே வேலை இருந்தால்தான் அவளுக்குக் கல்கத்தாவின் கல்வி எட்டியது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. யாருக்கு மெஸ் கிடைத்ததோ அவர்களுக்குப் படிப்பு கிடைத்தது. யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களில் திறமைசாலிகள் இருந்தும் பெயர் பட்டியலில் வரவில்லை. படிப்பு சமையலறையைச் சார்ந்திருந்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான நிரூபணம் வேண்டாம்.

இந்த ஏற்பாடு குலைந்த விதமும் அதையே சொல்கிறது. 1967-க்குப் பிறகு கல்கத்தாவில் கெரோ என்ற முற்றுகை, கதவடைப்பு, நக்சல்பாரி இயக்கத்தின் கொந்தளிப்பு என்று வந்தபோது பல கம்பெனிகள் தலைமையகத்தைப் பம்பாய்க்கும் டெல்லிக்கும் மாற்றின. சம்பளக்காரர்கள் போனார்கள். அவர்களை நம்பிய மெஸ்கள் சுருங்கின. அதற்குள் தெற்கில் படிப்பு பெருகியிருந்தது: 1959-இல் சென்னை ஐ.ஐ.டி., 1962-இல் கணித அறிவியல் நிறுவனமான மேட்சயின்ஸ். அதற்கு முன்பே கணித மாணவர்களின் ஓட்டம் பம்பாய் பக்கம் திரும்பியிருந்தது, 1953-இல் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பம்பாயில் அவர்களுக்கு முன்பே மாதுங்கா இருந்தது, அங்கே வாழையிலைச் சாப்பாடு இருந்தது. டெல்லியில் கரோல் பாக் இருந்தது. தமிழ் மாணவன் வெளியூர் போய்த் தழைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தமிழ்ச் சந்தை தெரியும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 1977-இல் ஓடத் தொடங்கிப் பயணம் எளிதானபோது, படிக்கப் போகிறவர்களின் அலை ஓய்ந்துவிட்டிருந்தது. பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று லேக் மால் நிற்கிறது. பூக்கடைகளும் காப்பிப்பொடிக் கடைகளும் ஹோட்டல்களும் இன்னும் இருக்கின்றன. இட்லி தோசைக்காக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இப்போது வங்காளிகள்.

இன்று தமிழ்ப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும், சைப்ரஸ், மால்டா போன்ற மத்தியதரைக் கடல் தீவுகளுக்கும்கூடப் படிக்கப் போகிறார்கள். கட்டணம், விசா, தரவரிசை பற்றி வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே யாரோடு தங்குவது, என்ன சாப்பிடுவது, உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. முன்னவர்கள் கற்றதை நாம் எழுதி வைக்காததே காரணம். பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகள் பத்திரமாக இருக்கின்றன. மெஸ்களின் கணக்கு நோட்டுகள் எங்கும் சேர்த்து வைக்கப்படவில்லை. உங்கள் வீட்டில் கல்கத்தா முத்திரை குத்திய கடிதம், மணியார்டர் ரசீது, மாதச் சாப்பாட்டுக் கணக்கு, மெஸ் அறையில் எடுத்த புகைப்படம் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எண்பது வயதைத் தாண்டிய சித்தப்பாவோ பெரியப்பாவோ அங்கே படித்தவராக இருந்தால், எந்தத் தெரு, யார் மெஸ், மாதம் எவ்வளவு, யாரெல்லாம் கூட இருந்தார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.